நடுக்கடலில் நிற்கும் இன்ஜின்: டேங்கில் டீசல் இருந்தும் படகு ஓடாதது ஏன்?

டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கிறது. பேட்டரி நன்றாக இருக்கிறது. செல்ஃப் போட்டால் இன்ஜின் சுற்றுகிறது. ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. புகைபோக்கியில் துளி புகைகூட வரவில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் இறங்குதளங்களில் இந்தப் பிரச்சினையைச் சந்திக்காத படகோட்டி இருப்பது அரிது. ‘ஏர் பிடிச்சிருச்சு’, ‘டீசல் ஏறலை’ என்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். கரையில் நடந்தால் அரைமணி நேர வேலை. மெக்கானிக் வருவார், இரண்டு நட்டைத் தளர்த்துவார், இறுக்குவார், இன்ஜின் ஓடும். அதே பழுது இரவு 2 மணிக்கு பாக் நீரிணையின் நடுவே வந்தால் கதை வேறு.

லாரி நின்றால் சாலையோரம் ஒதுக்கிவிடலாம். படகு நின்றால் நின்ற இடத்தில் நிற்காது. காற்றும் நீரோட்டமும் எங்கே தள்ளுகிறதோ அங்கே போகும். புதுக்கோட்டை கடற்கரையிலிருந்து கிழக்கே சில மணி நேரப் பயணத்தில் இந்திய - இலங்கை சர்வதேச கடல் எல்லைக்கோடு வந்துவிடும். 1974-ம் ஆண்டு ஒப்பந்தத்தில் வரையப்பட்ட அந்தக் கோடு தண்ணீரில் தெரியாது. ஜி.பி.எஸ். திரையில்தான் தெரியும்.

எல்லை தாண்டியதாகக் கைதாகும் மீனவர்களில் சிலர், இன்ஜின் பழுதாகி படகு தானாக அடித்துச் செல்லப்பட்டது என்று சொல்வது வழக்கமான செய்தி. அதை நம்புவதும் நம்பாததும் எதிர்த்தரப்பின் கையில் இருக்கிறது. இலங்கையில் 2018-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, வெளிநாட்டு மீன்பிடிப் படகுகளுக்கு அவற்றின் நீளத்தைப் பொறுத்து 17.5 கோடி இலங்கை ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். படகையும் பறிமுதல் செய்யலாம். 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து கடலுக்குச் சென்ற விசைப்படகு இலங்கைக் கடற்படை ரோந்துப் படகுடன் மோதி மூழ்கியதில் 4 மீனவர்கள் உயிரிழந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் நடந்த இன்னொரு மோதலில் கோட்டைப்பட்டினம் மீனவர் ஒருவர் உயிரிழந்தார். இவை இன்ஜின் பழுதால் நடந்தவை அல்ல. ஆனால் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் கட்டுப்பாடில்லாத ஒரு படகு மிதப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

முதலில் ஸ்பேனரைத் தேடாதீர்கள்

இன்ஜின் நின்றதும் எல்லோருக்கும் வரும் முதல் வேகம், இன்ஜின் ரூமுக்குள் இறங்குவது. அது தப்பு. முதலில் நங்கூரம் இறங்க வேண்டும்.

பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். புதுக்கோட்டை படகுகள் வழக்கமாக மீன்பிடிக்கும் பகுதிகளில் நங்கூரக் கயிறு தரையைத் தொடும். ஆழ்கடலில் மீன்பிடிப்பவர்களுக்கு இல்லாத வசதி இது. பலர் இதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் ‘இப்போ சரியாயிடும்’ என்றே நேரத்தைக் கடத்துகிறார்கள். படகு மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல் வேகத்தில் நகர்ந்தால்கூட, இரண்டு மணி நேரத்தில் சுமார் 3.7 கிலோமீட்டர் போயிருக்கும். உள்ளே குனிந்து நட்டு கழற்றிக்கொண்டிருப்பவருக்கு அது தெரியாது.

காற்றுக் காலமும் முக்கியம். மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் கச்சான் வீசும் மாதங்களில், நின்றுபோன படகை அது கரையிலிருந்து விலக்கி, கிழக்கே எல்லைப் பக்கமாகத் தள்ளும். வாடைக் காற்று வீசும் மழைக்காலத்தில் நிலைமை தலைகீழ். படகு கரைப் பக்கம் ஒதுங்கும், ஆனால் அலை பெரிதாக இருக்கும். ஜூன் நடுவில் தடைக்காலம் முடிந்து படகுகள் முதன்முதலாகக் கடலுக்குப் போகும் நேரம் கச்சான் காலம் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு மாதம் சும்மா கிடந்த இன்ஜின்கள் பழுதாக அதிக வாய்ப்புள்ள நேரமும் அதுவேதான்.

நங்கூரம் பிடித்ததும் ஜி.பி.எஸ்.ஸில் இடத்தைக் குறித்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் படகுகளுக்கு வி.எச்.எப். கருவியில் தகவல் சொல்லிவிட்டு, விளக்கைப் போட்டுவிட்டு, அதன் பிறகு ஸ்பேனரை எடுக்கலாம்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். இன்ஜின் நின்றதற்குக் காரணம் டீசல்தானா? கரும்புகை தள்ளி, திணறி நின்றிருந்தால் விசிறியில் வலையோ கயிறோ சுற்றியிருக்கலாம். அதைப் பார்க்காமல் பில்டரைக் கழற்றினால் இல்லாத பழுதை உண்டாக்கியதாகிவிடும். எரிபொருள் கிடைக்காத இன்ஜின் வேறு மாதிரி சாகும். ஆர்.பி.எம். ஏறி இறங்கும், லோடு கொடுத்தால் மூச்சுவாங்கும், ஆக்சிலரேட்டரைக் குறைத்தால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், கடைசியில் மெதுவாக அடங்கும். நின்ற பிறகு செல்ஃப் போடும்போது புகையே வராவிட்டால் சிலிண்டருக்கு டீசல் போகவே இல்லை என்று அர்த்தம். வெண்புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. தண்ணீர் கலந்திருக்கலாம்.

டீசல் போகும் பாதை

விசைப்படகில் டேங்கிலிருந்து கிளம்பும் டீசல், ஒரு வால்வு வழியாக வந்து, தண்ணீரைப் பிரிக்கும் முதல் பில்டரில் நுழைகிறது. அங்கிருந்து அதை உறிஞ்சி இழுப்பது பீட் பம்ப். அது டீசலை இரண்டாவது பில்டருக்குத் தள்ள, அங்கே நுண்ணிய தூசி பிடிபட்டு, சுத்தமான டீசல் இன்ஜெக்‌ஷன் பம்புக்குப் போகிறது. பழைய மெக்கானிக்கல் இன்ஜின்களில் இந்த பம்ப் சுமார் 200 பார் அழுத்தத்தில் டீசலை நாசிலுக்கு அனுப்பும். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல இது கிட்டத்தட்ட 100 மடங்கு. மிச்சமாகும் டீசல் ரிட்டர்ன் லைன் வழியாக மறுபடி டேங்குக்கே திரும்பும்.

பிரச்சினையைப் பிடிக்க இந்தப் பாதையில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் போதும். பீட் பம்புக்கு முன்னால் இருப்பதெல்லாம் உறிஞ்சும் பக்கம். பின்னால் இருப்பதெல்லாம் தள்ளும் பக்கம். தள்ளும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே ஒழுகும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் ஒரு சொட்டுகூட வெளியே வராது. காற்று உள்ளே போகும். ஹோஸ் பார்க்க உலர்ந்து, சுத்தமாக, நல்ல பிள்ளையாகத் தெரியும். படகோட்டிகள் நாள் கணக்கில் தேடி அலைவது பெரும்பாலும் இந்த ஓட்டையைத்தான்.

காற்று என்ன செய்யும்?

டீசல் அழுத்தினால் சுருங்காது. காற்று சுருங்கும். பம்ப் தரும் அழுத்தம் முழுவதும் உள்ளே சிக்கிய காற்றுக் குமிழைச் சுருக்குவதிலேயே செலவாகிவிட, நாசில் திறப்பதற்கான அழுத்தம் வருவதில்லை. இதைத்தான் ஏர் லாக் என்கிறார்கள். பெட்ரோல் தீர்ந்த பைக்கில் பெட்ரோல் ஊற்றினால் கிளம்பிவிடும். டீசல் தீர்ந்த இன்ஜினில் டீசல் ஊற்றினால் மட்டும் கிளம்பாது என்பதற்கும் இதே காரணம்தான்.

காற்றை எடுப்பது கஷ்டமான வேலை அல்ல, ஆனால் வரிசை தவறக்கூடாது. முதலில் டேங்க் வால்வு திறந்திருக்கிறதா, டீசல் மட்டம் உறிஞ்சுகுழாயின் வாய்க்கு மேலே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிரிப்பாக இருந்தாலும், வால்வு பாதி மூடியிருந்தது என்று கண்டுபிடித்த சம்பவங்கள் ஏராளம். அடுத்து பில்டரின் தலையில் இருக்கும் ஏர் ஸ்குரூவை இரண்டு சுற்று தளர்த்தி, பீட் பம்பில் இருக்கும் கைப்பிடியை அடிக்க வேண்டும். முதலில் நுரை வரும், பிறகு நுரையும் டீசலும் கலந்து வரும். குமிழே இல்லாமல் டீசல் ஓடும்போது, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்குரூவை இறுக்க வேண்டும். கையை நிறுத்திவிட்டு இறுக்கினால் கொஞ்சம் காற்று திரும்ப உள்ளே போய்விடும். அதன் பிறகு இன்ஜெக்‌ஷன் பம்பில் உள்ள ஸ்குரூவிலும் இதேபோல். அப்படியும் பிடிக்கவில்லையென்றால், நாசிலுக்குப் போகும் பைப்களின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, ஒருவர் செல்ஃப் போட, இன்னொருவர் டீசல் தெறிப்பதைப் பார்த்து ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும்.

இந்தக் கடைசி வேலையில் கை கவனம். அந்த அழுத்தத்தில் வரும் மெல்லிய டீசல் கீற்று தோலைத் துளைத்துக்கொண்டு சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் அது உடனே ஆபரேஷன் தேவைப்படும் காயம். விரலையே இழக்க நேரலாம். கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, அட்டைத் துண்டைக் காட்டிப் பார்ப்பது நல்லது.

காற்றை எடுத்ததும் இன்ஜின் ஓடும். வேலை முடிந்ததாக நினைத்து வலையைப் போடுவதில்தான் தவறு நடக்கிறது. காற்று எங்கிருந்தோ வந்திருக்கிறது. அந்த வழியை அடைக்காவிட்டால் ஒரு மணி நேரத்திலோ மறுநாளோ மறுபடியும் நிற்கும். சந்தேகப்பட வேண்டியவை சில்லறைச் சாமான்கள்தான்: ஒருமுறை நசுங்கிய காப்பர் வாஷரை மறுபடி போட்டிருப்பது, உப்பில் துருப்பிடித்து பிடி தளர்ந்த கிளிப், வெயிலில் வெடிப்பு விட்ட ரப்பர் ஹோஸ், பில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையத்தையே திரும்பப் போட்டது.

கண்டுபிடிக்க இரண்டு எளிய வழிகள் உண்டு. பீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு டீசல் தாங்கும் கண்ணாடி போன்ற ஹோஸைப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டுப் பார்ப்பது ஒன்று. குமிழ் ஓடினால் கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது. இன்னொன்று இன்னும் சுலபம். ஒரு சுத்தமான கேனில் டீசல் எடுத்து, பம்பைவிட உயரத்தில் கட்டி, டேங்க் லைனைக் கழற்றிவிட்டு அதிலிருந்து நேராக பீட் பம்புக்குக் கொடுப்பது. இன்ஜின் ஒழுங்காக ஓடினால் பழுது டேங்குக்கும் பம்புக்கும் இடையில்தான். ஓடாவிட்டால் பம்போ அதற்குப் பின்னாலோ. நடுக்கடலில் இந்த கேனைக் கொண்டே கரைசேர்ந்துவிடலாம் என்பது கூடுதல் லாபம்.

மூடியைத் திறந்தால் ஓடுது, மூடினால் நிற்குது

ஒரு மணி நேரம் நன்றாக ஓடுகிறது, நிற்கிறது. பத்து நிமிடம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆகிறது. மறுபடி ஒரு மணி நேரத்தில் நிற்கிறது. மெக்கானிக்குகளையே குழப்பும் இந்தப் பழுதுக்கு, பெரும்பாலும் ஒரு பைசா செலவில்லை.

டேங்கிலிருந்து டீசல் வெளியேறும்போது, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்காகவே ஏர் வென்ட் குழாய் இருக்கிறது. அது அடைபட்டால் டேங்குக்குள் காற்றழுத்தம் குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் பம்பால் இழுக்க முடியாது. இளநீரில் ஸ்ட்ராவைச் சுற்றி இடைவெளியே இல்லாமல் அடைத்துவிட்டு உறிஞ்சிப் பார்த்தால் இது புரியும். டேங்க் மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

எதனால் அடைபடுகிறது? உப்புப் படிவு ஒரு காரணம். தடைக்காலத்தில் படகுக்குப் பெயின்ட் அடிக்கும்போது வென்ட் முனையையும் சேர்த்து அடித்துவிடுவது இன்னொன்று. மூன்றாவது காரணம் குளவி. இரண்டு மாதம் கரையில் நிற்கும் படகின் வென்ட் துளை, மண்கூடு கட்டும் குளவிக்கு அளவெடுத்துச் செய்த வீடு. முனையில் மெல்லிய வலைத்துண்டைக் கட்டிவிட்டால் தீர்ந்தது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

டீசலைவிடத் தண்ணீர் கனமானது. அதனால் டேங்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். உறிஞ்சுகுழாயின் வாய் அடித்தளத்திலிருந்து கொஞ்சம் மேலே இருப்பதால், கடல் அமைதியாக இருக்கும் வரை பிரச்சினை தெரியாது. அலையில் படகு உருண்டு புரளும்போதுதான் அடியில் கிடந்த தண்ணீரும் சேறும் கிளம்பி வந்து குழாயில் ஏறும். கரையில் அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தபோது நல்லா ஓடிய இன்ஜின், மோசமான கடலில் நிற்பதற்கு இதுதான் காரணம். இன்ஜின் வேண்டுமென்றே நேரம் பார்த்துக் காலை வாருவதில்லை.

மழைநீர் டேங்க் மூடி வழியாக இறங்கலாம். டீசல் கொண்டுவரும் கேனிலேயே இருக்கலாம். நாட்டுப்படகுகளில் குடிநீருக்கும் டீசலுக்கும் ஒரே மாதிரி கேன்களைப் பயன்படுத்துவது சாதாரணம், மாற்றி ஊற்றுவதும் நடக்கும். இவை எதுவும் இல்லாமலும் தண்ணீர் சேரும். பாதி காலியாக இருக்கும் டேங்கில் மீதி இடத்தில் இருப்பது கடற்கரையின் ஈரக்காற்று. பகலில் சூடாகி இரவில் குளிரும்போது அந்த ஈரம் டேங்கின் சுவரில் வியர்த்து, டீசலுக்குள் இறங்கி, அடியில் சேரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் மட்டத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கறுப்பாக வழவழவென்று பாசி போல ஒரு படலம் உருவாகும். பில்டரை அடைக்கும் அந்த ‘கறுப்பு சேறு’ பல நேரங்களில் வெறும் அழுக்கு அல்ல, உயிருள்ளது.

நிறுத்திவைக்கும் முன் டேங்கை முழுவதும் நிரப்பிவிட்டால் ஈரக்காற்றுக்கு இடமில்லை என்பது எல்லா இன்ஜின் கையேட்டிலும் இருக்கும் அறிவுரை. வருமானம் இல்லாத இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு டேங்க் டீசலுக்குப் பணத்தை முடக்கு என்று ஒரு சிறு படகுக்காரரிடம் சொல்வது எளிது. நடைமுறையில் அதற்கு நேர் எதிராகச் செய்யலாம். டேங்கைச் சுத்தமாக வடித்துத் துடைத்து, மூடி வைத்துவிட்டு, தடைக்காலம் முடிந்ததும் புது டீசல் ஊற்றுவது. இரண்டுக்கும் நடுவே, அடியில் பத்து இருபது லிட்டரை விட்டுவைப்பதுதான் மோசமான வழி. பெரும்பாலும் நடப்பதும் அதுதான்.

வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுகிறோமே என்பார்கள். துணி மணலையும் தூசியையும் பிடிக்கும், தண்ணீரைப் பிடிக்காது. தண்ணீரைக் கண்டுபிடிக்க ஒரு காலி தண்ணீர் பாட்டில் போதும். அதிகாலையில், இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன், தண்ணீர் பிரிக்கும் பில்டரின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து கொஞ்சம் பாட்டிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். இரவு முழுக்க அசையாமல் இருந்ததால் தண்ணீர் கீழே பிரிந்திருக்கும். பாட்டிலில் அடியில் தனியாக ஒரு படலமோ உருண்டையோ தெரிந்தால், சுத்தமான டீசல் வரும் வரை வடிக்க வேண்டும். டேங்க் பில்டரைவிடத் தாழ்வாக இருக்கும் படகுகளில் இப்படித் திறக்கும்போது காற்று உள்ளே போகும் என்பதால், முடிந்ததும் கைப்பிடியை அடித்துக் காற்றை எடுத்துவிட வேண்டும்.

தண்ணீரை அலட்சியம் செய்தால் இன்ஜின் நிற்பதோடு போகாது. இன்ஜெக்‌ஷன் பம்புக்குள் உரசும் பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 2 முதல் 4 மைக்ரான்தான். மனிதனின் தலைமுடி சுமார் 70 மைக்ரான். அந்தப் பாகங்களுக்கு டீசல்தான் எண்ணெய். டீசலுக்குப் பதில் உப்புத் தண்ணீர் போனால் துரு பிடித்து இறுகிவிடும். அதன் பிறகு பம்பைக் கழற்றி, பம்ப் சர்வீஸ் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

டேங்க் எதனால் ஆனது என்பதும் கவனிக்க வேண்டியது. ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய தகட்டில் டீசலைச் சேமிப்பது நல்லதல்ல. துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து, பில்டரையும் நாசிலையும் அடைக்கும் படிவுகளை உண்டாக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று உள்ளூர் பட்டறையில் ஜி.ஐ. தகட்டில் டேங்க் அடிப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

பைபர் படகுக்காரர்களுக்கு

பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி ஆகிய 3 நாட்களும், மற்ற 4 நாட்கள் நாட்டுப்படகுகளும் கடலுக்குப் போகும் ஏற்பாடு பல ஆண்டுகளாக இருக்கிறது. நாட்டுப்படகுகளில் அவுட்போர்டு மோட்டார் பொருத்திய பைபர் படகுகளும் உண்டு. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டும் மோட்டார்கள் இவற்றில் அதிகம்.

இந்த மோட்டாருக்கு எரிபொருள் போகும் ஹோஸின் நடுவே, பிடித்து அழுத்தும் ரப்பர் உருண்டை ஒன்று இருக்கும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் அழுத்துவதற்கு மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். அதுவே ஒரு டாக்டர். அழுத்திவிட்டால் கெட்டியாகாமல் தொளதொளவென்றே இருந்தால், எங்கோ காற்று இழுக்கிறது. கனெக்டரில் உள்ள ரப்பர் வளையத்தை முதலில் பார்க்க வேண்டும். ஓடும்போது உருண்டை சப்பிப்போய் ஒட்டிக்கொண்டால், டேங்க் பக்கம் அடைப்பு. அதிலும் பாதி நேரம், டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்ததுதான். உருண்டையின் மேல் போட்டிருக்கும் அம்புக்குறி மோட்டாரைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் உள்ளே இருக்கும் வால்வு எரிபொருளை விடாது.

கரைக்குத் திரும்பும்போது கடைசிச் சில நிமிடங்கள் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும் என்பது மூத்தவர்களுக்குத் தெரிந்ததுதான். கார்ப்பரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கினால் மறுநாள் குளிர்ந்த இன்ஜின் சீக்கிரம் கிளம்பாது, படிவும் சேரும். இப்போது பெட்ரோலிலும் ஒரு புது விஷயம் கவனிக்க வேண்டியிருக்கிறது. பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் ஓரளவுக்கு மேல் சேர்ந்துவிட்டால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் போய்விடும். கடலோரத்தில் பாதி கேன் பெட்ரோலை மாதக்கணக்கில் வைத்திருந்து ஊற்றுவது இனி வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடிப்பள்ளத்தில் தேங்கும் என்பதால், லைனைக் கழற்றும்போது பீடியும் அடுப்பும் அணைந்திருக்க வேண்டும்.

வெளிநாடுகளில் பொழுதுபோக்காக ஏரிகளில் ஓட்டப்படும் பெட்ரோல் ரிமோட் படகுகளுக்கும் இதே தலைவலிகள்தான் என்பது சுவாரஸ்யம். கையில் தூக்கும் அளவுப் படகு, அதில் 26 சி.சி. அளவில் ஒரு குட்டி இன்ஜின், நம்மூரில் புல் வெட்டும் மெஷினில் இருக்கும் அதே வகை கார்ப்பரேட்டர். வேகமாகத் திரும்பும்போது பெட்ரோல் டேங்கின் ஒரு பக்கம் ஒதுங்கி, குழாய் காற்றை உறிஞ்சி, இன்ஜின் நின்றுவிடும். அதற்கு அவர்கள் கண்ட வழி, டேங்குக்குள் வளையும் குழாயின் முனையில் கனமான ஒரு வடிகட்டியைத் தொங்கவிடுவது. பெட்ரோல் எந்தப் பக்கம் சாய்கிறதோ, குழாயின் வாயும் அந்தப் பக்கமே சாயும். பெரிய படகில் அதே வேலையைச் செய்வது டேங்குக்குள் இருக்கும் தடுப்புத் தகடுகள். டேங்க் புதிதாகச் செய்யும்போது, தகடு செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்தால், அலையில் கால் டேங்க் டீசல் இருக்கும்போதே காற்று ஏறும்.

தடைக்காலத்தில் செய்ய வேண்டியது

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. காட்டுமாவடி தொடங்கி மீமிசல் பகுதி வரை நீளும் புதுக்கோட்டையின் சுமார் 42 கிலோமீட்டர் கடற்கரையில், படகுகளைப் பழுதுபார்க்கும் பருவமும் இதுவே. பணம் பெரும்பாலும் பலகை, பெயின்ட், வலைக்குப் போய்விடுகிறது. டேங்கைத் திறந்து அடியைக் கழுவுவது யார் கண்ணுக்கும் தெரியாத வேலை என்பதால் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போடப்படுகிறது. உறிஞ்சும் பக்க ஹோஸ், கிளிப், வாஷர், இரண்டு பில்டர் ஆகியவற்றை மொத்தமாக மாற்றினாலும், அந்தச் செலவு ஒரு நாள் கடலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பும் டீசல் செலவோடு ஒப்பிட்டால் சிறியது.

டீசலின் கணக்கும் சாதாரணமானதல்ல. விற்பனை வரி விலக்குடன் வழங்கப்படும் டீசல், விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டரிலிருந்து 19,000 லிட்டராகவும், இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டரிலிருந்து 4,400 லிட்டராகவும், மானிய மண்ணெண்ணெய் 3,400 லிட்டரிலிருந்து 3,700 லிட்டராகவும் உயர்த்தப்படும் என 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அளந்து கிடைக்கும் டீசலில், தண்ணீர் கலந்துபோன ஒவ்வொரு கேனும் நேரடி நஷ்டம்.

கடலுக்குப் போகும்போது படகில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. இரண்டு பில்டருக்கும் ஒவ்வொரு ஸ்பேர், ஒரு பொட்டலம் காப்பர் வாஷர், ஒரு மீட்டர் ஹோஸும் நாலு கிளிப்பும், ஏர் ஸ்குரூவுக்கும் நாசில் நட்டுக்கும் சரியான அளவு ஸ்பேனர், டார்ச், தனியாக மூடிவைத்த சுத்தமான டீசல் ஒரு கேன். புது பில்டரில் டீசலை நிரப்பி மாட்டினால் காற்று எடுக்கும் நேரம் பாதியாகக் குறையும் என்பது பழைய பழக்கம். தண்ணீர் பிரிக்கும் முதல் பில்டருக்கு அது சரி. இன்ஜெக்‌ஷன் பம்புக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது பில்டரில் அப்படி ஊற்றும் டீசல் வடிகட்டப்படாமலே பம்புக்குள் போய்விடும் என்பதால், அதைக் காலியாக மாட்டிக் கைப்பிடியால் நிரப்புவதே பாதுகாப்பு.

எவ்வளவு முயன்றும் ஓடவில்லையென்றால்?

நங்கூரம் பிடிக்காமல் படகு எல்லைப் பக்கம் நகர்கிறது என்றால், ‘இன்னும் ஒருதடவை பார்ப்போம்’ என்று காத்திருக்கக்கூடாது. கோட்டைத் தாண்டிய பிறகு சொல்லும் காரணத்தைவிட, தாண்டுவதற்கு முன்பே நேரத்தோடும் இடத்தோடும் பதிவான ஒரு உதவி அழைப்புக்கு மதிப்பு அதிகம். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. செல்போன் சிக்னல் கிடைக்காத தூரத்தில் வி.எச்.எப். கருவியின் 16-வது சேனல் உலகம் முழுவதும் ஆபத்து அழைப்புக்கானது. இஸ்ரோ தொழில்நுட்பத்தில் இயங்கும் டிரான்ஸ்பாண்டர்களை 1 லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. அது பொருத்தப்பட்ட படகுகள், செயற்கைக்கோள் வழியாகவே அவசரச் செய்தி அனுப்ப முடியும்.

அழைக்கும்போது சொல்ல வேண்டியது: படகின் பதிவு எண், ஜி.பி.எஸ்.ஸில் காட்டும் இடம், படகில் எத்தனை பேர், யாருக்காவது காயம் உண்டா, நங்கூரம் பிடித்திருக்கிறதா, இல்லையென்றால் எந்தத் திசையில் நகர்கிறது. பதிவு எண்ணில் டி.என். என்பதற்கு அடுத்து வரும் 08-தான் புதுக்கோட்டை மாவட்டத்தின் குறியீடு. இதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதி வீல் ஹவுஸில் ஒட்டிவைத்திருந்தால், படகோட்டி இன்ஜின் ரூமில் இருக்கும்போது அன்றுதான் முதல்முறை கடலுக்கு வந்த பையன்கூட அதைப் படித்துச் சொல்லிவிடலாம்.